மூடிய பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

வீட்டில் எல்லோருக்கும் தூக்கம் பாக்கி இருந்தது. காரணம், மகாராணி.

மகாராணி என்பது அம்மாவின் பழைய கார். காலையில் பின்னால் நின்று தள்ளினால்தான் கிளம்புவாள். அம்மா வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் நர்ஸ். அப்பா தன் இரவு வேலை முடிந்து வந்ததும் வராததுமாக வண்டியைத் தள்ள வேண்டும். கூடவே மகள் துருவியும், அவள் தம்பி பொடியனும். எதையும் துருவித் துருவிக் கேட்பதால் அவளுக்கு அந்தப் பெயர்.

தள்ளிவிட்டுப் பள்ளிக்கூடம் போனால், முதல் பாடத்திலேயே துருவிக்குக் கண் சொக்கும். பொடியனுக்கு மட்டும் இது கொண்டாட்டம்.

அன்று சாயங்காலம் மெக்கானிக் வந்து பேட்டரியில் மீட்டரை மாட்டிப் பார்த்தார்.

"அக்கா, வண்டி சும்மா நிக்கும்போதும் எங்கயோ கரண்ட் போய்க்கிட்டே இருக்கு. அதான் காலையில பேட்டரி படுத்துடுது."

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஒன்றைக் கழற்றியதும் மீட்டரின் முள் சட்டென்று இறங்கியது.

"உள்விளக்கு லைன்லதான் கோளாறு."

ஃபியூஸைத் திரும்ப மாட்டிவிட்டு, கூரை விளக்கைப் பார்த்தார். ரேடியோவைப் பார்த்தார். டேஷ்போர்டில் இருந்த சின்னப் பெட்டியைத் திறந்தார். உள்ளே விளக்கு எரிந்தது. மூடினார்.

"எல்லாம் சரியா இருக்கே! அப்ப வயர் எங்கயோ உரசுது. முன்பக்கம் முழுக்கப் பிரிக்கணும். காலையில வண்டிய விட்டுடுங்க, ஒரு வாரம் ஆகும்."

"ஒரு வாரமா? இன்னொரு தடவை லேட்டா வந்தா வேற ஆள் பாத்துக்கறோம்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்களே" என்றாள் அம்மா.

அவர் போனதும் அம்மா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என்னால முடியலடி. வண்டியில இருக்கற உன் சாமானையெல்லாம் எடுத்து வச்சுடு."

அம்மா முடியவில்லை என்று சொல்லித் துருவி கேட்டதே இல்லை. போய் டேஷ்போர்டுப் பெட்டியைத் திறந்தாள். அவளுடைய மெழுகுப் பென்சில் வாழைப்பழம்போல் வளைந்து கிடந்தது. தொட்டால் விரலெல்லாம் சிவப்பு.

'குளிர் நேரத்தில் இது எப்படி உருகும்?'

பென்சில் விளக்கை ஒட்டிக் கிடந்தது. விளக்கின் மூடியைத் தொட்டாள். சுட்டது. ஆனால் இப்போதுதானே பெட்டியைத் திறந்தாள்?

அப்பாவின் போனில் வீடியோவை ஓடவிட்டு, பெட்டிக்குள் வைத்து மூடினாள். கொஞ்ச நேரம் கழித்து எடுத்துப் பார்த்தாள். மூடிய பெட்டிக்குள் விளக்கு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது!

பெட்டியின் விளிம்பில் ஒரு சின்னப் பொத்தான். விரலால் அமுக்கினாள், விளக்கு அணைந்தது. மூடும்போது பெட்டியின் கதவு இதை அமுக்க வேண்டும். கதவில் அந்த இடத்தில் வட்டமாகப் பசைத் தடமும், அதில் ஒட்டிய கறுப்பு ரப்பர் துணுக்கும் மட்டும்தான் இருந்தன. அங்கிருந்த ஏதோ ஒன்றைக் காணோம்.

வட்டமாக, கறுப்பாக, ரப்பரில். எங்கேயோ பார்த்திருக்கிறாளே!

வீட்டுக்குள் ஓடினாள். பொடியன் செய்து வைத்திருந்த களிமண் பூனைக்கு அருமையான மூக்கு ஒன்று இருந்தது.

"டேய், இந்த மூக்கு ஏது?"

"கார்ல சும்மாதான் இருந்துச்சு" என்றவன், அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பூனையைக் கட்டிக்கொண்டான். "பிடுங்காதக்கா! காஞ்சுபோச்சு. பூனை உடைஞ்சுடும். அம்மாகிட்ட சொல்லாதக்கா!"

துருவிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை நாளாகத் தள்ளிய தள்ளல் எல்லாம் ஒரு பூனை மூக்குக்காகவா? ஆனால் அவன் உதடு நடுங்கியது. இன்றைக்கு இந்த வீட்டில் அழுகையைத் தாங்க யாருக்கும் தெம்பில்லை.

தன் அழிப்பானின் மூலையை வெட்டி, பசை தடவிக் கதவில் ஒட்டினாள். காய்ந்ததும் மறுபடி வீடியோ எடுத்தாள். இருட்டு. வெறும் இருட்டு. இவ்வளவு அழகான இருட்டை அவள் பார்த்ததே இல்லை.

"அம்மா, பெட்டிக் கதவுல ரப்பர் இல்ல. விளக்கு அணையவே இல்ல. ஒட்டிட்டேன்" என்றாள். அம்மா பாதித் தூக்கத்தில் "ம்" கொட்டினாள்.

மறுநாள் காலை வழக்கம்போல் மூவரும் மகாராணியின் பின்னால் நின்றார்கள். அப்பா கொட்டாவியோடு சட்டைக் கையை மடித்தார்.

"ரெடியா? த..."

'ள்ளு' வருவதற்குள் வண்டி உறுமிக்கொண்டு கிளம்பிவிட்டது. தள்ளக் குனிந்த அப்பா, காற்றைத் தள்ளித் தடுமாறி நின்றார். தெருக்கோடியில் அம்மா விடாமல் ஹாரன் அடித்தாள்.

"அப்ப நான் தூங்கலாமா?" என்று நம்பாமல் கேட்டார் அப்பா. பதிலுக்குக் காத்திராமல் தூங்கப் போய்விட்டார்.

பொடியன் மட்டும் முகத்தைத் தொங்கப்போட்டான். "நாளைக்காவது தள்ளலாமாக்கா?"

"வேண்டவே வேண்டாம்" என்ற துருவி உள்ளே போய், அம்மாவின் கண்ணில் மூக்கு படாதபடி, அலமாரியில் இருந்த பூனையின் முகத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தாள்.