முதல் கட்டத்திலேயே வெடித்த துப்பாக்கி

“மேடம், ஒரு மனுஷிக்குத் தெரியாமலே அவ விரல் சுடுமா?” என்று கேட்டுவிட்டுத்தான் கணக்கு டீச்சர் உட்கார்ந்தார். வாசலுக்கு முதுகு காட்டி உட்கார மறுத்தார். தெருவில் எந்த வண்டி நின்றாலும் அவர் கழுத்து அந்தப் பக்கம் திரும்பியது.

எதிரே இருந்த அம்மையார் முப்பது ஆண்டுகள் தடயவியல் கூடத்தில் துப்பாக்கிகளோடு குடித்தனம் நடத்தி ஓய்வு பெற்றவர். அந்தத் துப்பாக்கிகளைவிட அதிகச் சத்தம் போடுபவர் அவருடைய கணவர். முன்னாள் காப்பீட்டு முகவர்; மனைவியின் வழக்குகளில் சம்பளமில்லாத உதவியாளர்.

“பயப்படாதீங்கம்மா. குற்றவாளி யாருன்னு எனக்கு இப்பவே பாதி தெரிஞ்சிருச்சு” என்றார் கணவர்.

“என்னங்க, அவங்க இன்னும் விஷயத்தையே சொல்லல.”

“அதனாலதான் பாதின்னேன்.”

டீச்சர் சொன்னார். மூன்று நாட்களுக்கு முன் துப்பாக்கி சுடும் சங்கத்தில் தேர்வுப் போட்டி நடந்தது. தேசிய அணியில் ஒரே ஓர் இடம்தான் காலி. அவருடைய முதல் குண்டு, துப்பாக்கியை இலக்குக்கு மேலிருந்து மெல்ல இறக்கிக்கொண்டிருந்தபோதே வெடித்தது. கூரையின் இரும்பு உத்தரத்தில் பட்டுச் சிதறிய துண்டு, பக்கத்து அறையின் ஜன்னல் வழியே போய், மதிப்பெண் குறித்துக்கொண்டிருந்த சங்கச் செயலாளரின் கழுத்தில் பாய்ந்தது. அவர் இன்னும் கண் திறக்கவில்லை.

“தேர்வுல பாரபட்சம்னு போன மாசம்தான் அவர் மேல புகார் எழுதிக் கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் அந்தக் காகிதத்தை மேஜை மேல வச்சுட்டு என்னையே பாக்குறார். ஆறு மணிக்கு வக்கீலோட வரச் சொல்லியிருக்கார். செயலாளர் பிழைக்கலன்னா கொலைக் கேஸ்.” டீச்சரின் குரல் இறங்கியது. “ஆனா என் பயம் அது இல்ல மேடம். உள்ளுக்குள்ள கோபம் இருந்து, நானே சுட்டுட்டேனோ? மூணு நாளா காய் நறுக்கக் கத்தியைத் தொடல. பெத்த பிள்ளைங்களைப் பக்கத்துல வர விடல.”

கணவர்கூட வாயை மூடிக்கொண்டார். அந்த வீட்டில் இது அரிய நிகழ்ச்சி.

“உங்க துப்பாக்கி விசை எந்த மாதிரி?” என்றார் அம்மையார்.

“ரெண்டு கட்டம். முதல் கட்டம் சும்மா நகரும். அப்புறம் சுவத்துல முட்டின மாதிரி நிக்கும். அதுக்கு மேல கொஞ்சம் அழுத்தினாத்தான் வெடிக்கும். துப்பாக்கியை இறக்கும்போதே முதல் கட்டத்தை எடுத்துடுறது என் பழக்கம்.”

“முதல் கட்டத்துக்கு எவ்வளவு அழுத்தம் கொடுப்பீங்க?”

“முக்கால் கிலோ இருக்கும். சங்கத்துல மத்தவங்க எல்லாரும் ஒரே கட்டம்தான். நானும் பல் டாக்டர் அக்காவும் மட்டும் இப்படி. பாவம் அக்கா, தினமும் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி நிலவரம் கேட்டுச் சொல்றாங்க. அன்னிக்கும் அவங்க கார்லதான் போனேன். வழியில பள்ளிக்கூடத்துல வினாத்தாள் அறைச் சாவியைக் கொடுக்க இறங்கினேன், அதுல கொஞ்சம் தாமதம்.”

“போட்டிக்கு முன்னால விசையை அழுத்திப் பாக்கலையா?”

“சங்கத் தலைவர் முந்தின நாள்தான் புது விதி போட்டார். குண்டில்லாம அழுத்திப் பாக்கக் கூடாது, ஒத்திகைச் சுடுதலும் கிடையாது. போர்க்களத்துல எதிரி ஒத்திகை தருவானான்னு கேட்டார்.”

அம்மையார் சொல்லி அனுப்ப, நான்கு மணிக்கு இன்ஸ்பெக்டர் உட்பட எல்லோரும் சங்க மண்டபத்தில் இருந்தார்கள். சுவரில் தலைவரின் படம் மூன்று இடங்களில் தொங்கியது. எந்தப் பக்கம் சுட்டாலும் ஒன்றாவது தப்பிவிடும். ‘ஒரே அழுத்தம், ஒரே வெற்றி’ என்று ஒற்றைக் கட்ட விசையைப் புகழ்ந்து அவர் எழுதிய நூல் மேஜையில் கட்டுக்கட்டாக இருந்தது. தலைவரின் இடக்கன்னம் மட்டும் சற்று உப்பியிருந்தது. தண்ணீரை வலக்கடைவாயில் சரித்துக் குடித்தார்.

இன்ஸ்பெக்டர் முத்திரையை உடைத்து டீச்சரின் துப்பாக்கியை வெளியே எடுத்தார். குண்டு இல்லை என்று இருமுறை பார்த்துவிட்டு, அம்மையார் விசையில் அரைக் கிலோ எடையைத் தொங்கவிட்டார். விசை தாங்கியது.

“அன்னிக்கும் தாங்குச்சுங்க” என்றார் சங்கத்தின் துப்பாக்கி மெக்கானிக். “அரைக் கிலோ தாங்கணும், அதான் விதி. பன்னெண்டு பேருக்கு முன்னால இதே மேஜையில தொங்கவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். கட்டம் ஒண்ணா ரெண்டான்னு யாருங்க பாக்கச் சொன்னா?”

அம்மையார் எடைமேல் ஒரு நாணயத்தை வைத்தார். ‘டக்’. நகர்வும் இல்லை, சுவரும் இல்லை.

டீச்சர் மேஜையருகே வந்தார். “இது என் விசை இல்ல. என் விசை இப்படிப் போகாது.”

“உங்க விசைதான். திருகாணியைத் திருப்பி ரெண்டு கட்டத்தை ஒண்ணாக்கி, அரைக் கிலோவுக்குக் குறைச்சிருக்காங்க. முக்கால் கிலோ அழுத்துற உங்களுக்கு முதல் கட்டத்துலயே வெடிக்கும். உங்க விரல் பழகினதைத்தான் செஞ்சது.”

“மெக்கானிக்!” என்று பாய்ந்தார் கணவர். “கையில ஸ்பேனரோட நிக்கிறாரு பாரு!”

“அது என் வேலைங்க. கையில ஊதுகுழலையா வச்சுக்கிட்டு நிப்பேன்?”

“அவர் பன்னெண்டு பேர் பாக்கும்போது திருகாணியைத் திருப்ப முடியாதுங்க.” அம்மையார் தான் கொண்டுவந்திருந்த வேறொரு துப்பாக்கியைக் காலி என்று காட்டித் தலைவரிடம் நீட்டினார். “நீங்க அழுத்துங்க, ஐயா.”

தலைவர் படத்தில் இருப்பதுபோலவே நெஞ்சை நிமிர்த்தி அழுத்தினார். முகம் சுருங்கியது. “என்ன இது, பாதி வழியில நின்னு போச்சு? துருப்பிடிச்சிருக்கா?”

மண்டபத்தில் ஒரு கனைப்பு கேட்டது. ஒற்றைக் கட்ட விசையைப் புகழ்ந்து நூல் எழுதியவர் அன்றுதான் முதன்முறையாக இரண்டு கட்ட விசையைத் தொட்டிருந்தார்.

“இவரும் இல்ல” என்றார் அம்மையார். “விசையை மாத்தினவருக்கு மூணு விஷயம் வேணும். டீச்சரோட பழக்கம் தெரிஞ்சிருக்கணும். அது ஒரு மில்லிமீட்டர் அசைவு, பக்கத்துல நின்னாலும் தெரியாது, டீச்சரே சொல்லியிருந்தாத்தான் உண்டு. துப்பாக்கியோட தனியா கொஞ்ச நேரம் இருந்திருக்கணும். எல்லாத்துக்கும் மேல, முதல் குண்டு வரைக்கும் டீச்சர் விசையைத் தொடவே கூடாது. தலைவரே, அந்தப் புது விதி எப்படித் தோணுச்சு?”

“எனக்குள்ள தானா உதிச்சது. மல்லாந்து, கண்ணை மூடி, மௌனமா இருந்தப்போ. ஆழ்ந்த சிந்தனையில எனக்கு அப்படி வரும்.”

“வாய் திறந்திருந்துச்சா?”

தலைவர் கன்னத்தைத் தொட்டார்.

“இன்ஸ்பெக்டர், எழுதிக்குங்க. அந்த விதியை யோசிச்சவர்தான் குற்றத்துக்கு வழி போட்டவர். தலைவருக்கு அது தானா உதிச்சதாம்.”

“ஐயையோ, உதிக்கல!” தலைவரின் குரல் கீச்சிட்டது. ஒரு சிந்தனையாளர் இவ்வளவு வேகமாகத் தன் சிந்தனையைத் துறந்ததை அந்த மண்டபம் பார்த்ததில்லை. “டாக்டரம்மா சொன்னாங்க! பல்லைக் குடையும்போது! வாயெல்லாம் பஞ்சு, ஆமாம்னும் சொல்ல முடியல, இல்லன்னும் சொல்ல முடியல. வீட்டுக்குப் போனதும் அது என் யோசனை மாதிரியே இருந்துச்சு!”

எல்லோரும் பல் டாக்டரைப் பார்த்தார்கள். அவர் டீச்சருக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார், வந்ததிலிருந்து.

“அக்கா?” என்றார் டீச்சர்.

“நீங்க பள்ளிக்கூடத்துக்குள்ள போனப்போ துப்பாக்கிப் பெட்டி இவங்க கார்லதான் இருந்துச்சு” என்றார் அம்மையார். “அந்தச் சின்னத் திருகாணியெல்லாம் பல் டாக்டர் கைக்குப் பெரிய வேலை இல்ல.”

“ஒரு பூஜ்யம்.” டாக்டரின் உதடு வறண்டிருந்தது. “அவளுக்கு ஒரே ஒரு குண்டு பூஜ்யம் விழுந்தா அந்த இடம் எனக்கு வந்துடும். அவ்வளவுதான் நினைச்சேன். சத்தியமா ஆள் மேல படும்னு… நான் மூணு நாளா தூங்கல. போனை எடுக்கும்போதெல்லாம் செத்துட்டார்னு சொல்லிடுவாங்களோன்னு…”

இன்ஸ்பெக்டரின் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். “ஆஸ்பத்திரி.”

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். முகத்திலிருந்து ஒன்றும் படிக்க முடியவில்லை. “சரி… எப்போ?… சரி.” கணவர் மனைவியின் தோளைப் பற்றினார். தலைவர் உட்கார்ந்துவிட்டார்.

“கண்ணைத் திறந்துட்டார். தண்ணி கேட்டாராம். உயிருக்கு ஆபத்து இல்ல.”

டீச்சரிடமிருந்து விசும்பல் வெடித்தது. பக்கத்திலும் அதே விசும்பல். உலகத்தில் அந்தச் செய்திக்காக அவ்வளவு பயந்து காத்திருந்தவர்கள் அவர்கள் இருவர்தான். போன் அடித்த கணத்தில் ஒருவர் கையை ஒருவர் இறுகப் பற்றியிருந்தார்கள்.

கொஞ்ச நேரம் அப்படியே அழுதார்கள். பிறகு டீச்சர் குனிந்து, தான் பிடித்திருப்பது யார் கை என்று பார்த்தார். ஒவ்வொரு விரலாக விடுவித்துக்கொண்டார்.