குங்குமம் கலையாத கடவுச்சீட்டு

காணாமற்போன பொருளைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லித்தான் ஐறீனிடம் ஆட்கள் வருவார்கள். காணாமற்போனது திரும்பி வந்துவிட்டது, இனி என்ன செய்வது என்று கேட்டு வந்தவர் சிவமணி ஒருவர்தான்.

ஐறீன் முப்பத்தொரு வருடம் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் குடிவரவு மேசையில் இருந்து ஓய்வுபெற்றவர். கொட்டாஞ்சேனையில் தனியாக இருந்தார். மற்றவர்களின் வீட்டுச் சிக்கல்களை அவிழ்ப்பதை ஒரு பொழுதுபோக்காக வைத்திருந்தார். அவரைச் சந்தைக்கும் அந்தோனியார் கோயிலுக்கும் ஏற்றி இறக்கும் முச்சக்கரவண்டிக்காரர் நபீஸ். மாளிகாவத்தை ஆள், வயது நாற்பத்திரண்டு. ஆறு வருடமாக வண்டி ஓட்டியதில் தானும் பாதித் துப்பறிவாளன் ஆகிவிட்டதாக அவருக்கு ஒரு நினைப்பு. மற்றப் பாதியும் தானே வந்து சேரும் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

அன்று ஏப்ரல் பத்தாம் தேதி. வெள்ளவத்தையிலிருந்து வந்த சிவமணி கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே கதைத்தார்.

"என்ர மகள் ரூபிகா பாரிசில இருக்கிறாள் மிஸ். ரண்டு தரம் கலைஞ்சு போய் இது மூண்டாவது. பிள்ளை பிறக்க இந்த மாசம் பதினாறாம் தேதி எண்டு நாள் குடுத்திருக்கினம். பக்கத்தில நிக்க ஒரு பொம்பிளை இல்லை. நான் போறதுக்கு மார்ச் அஞ்சாம் தேதி விசா வந்தது. முப்பது நாள், மார்ச் பத்தில இருந்து எண்டு கவுண்டரில இருந்த பிள்ளை சொன்னவ. வீட்டில எல்லாருக்கும் நான் அதையே சொன்னனான். பாஸ்போட்டை ஒரு உறைக்குள்ள போட்டு, ரேப் ஒட்டி, அதுக்கு மேல குங்குமம் வச்சு, சாமியறையில பிள்ளையாற்ற காலடியில வச்சனான். எயார்போட்டிலதான் திறக்கிறதெண்டு நினைச்சிருந்தன்."

"மகளுக்குப் படம் எடுத்து அனுப்பல்லையா?"

"கண்ணூறு படுமெண்டு ஒருத்தருக்கும் காட்டேல்லை."

மார்ச் இருபதாம் தேதிக்கு விமானம். பதினெட்டாம் தேதி காலை விளக்கேற்றப் போனபோது உறையைக் காணவில்லை. வீட்டைத் தலைகீழாகப் புரட்டியும் பலனில்லை. விமானம் அவரில்லாமல் போனது. நேற்றுக் காலை, அதாவது ஏப்ரல் ஒன்பதாம் தேதி, அதே உறை அதே பிள்ளையாரின் காலடியில் கிடந்தது.

"பொலிசுக்குப் போகல்லையா?" என்று நபீஸ் இடையில் புகுந்தார்.

"நான் வெளிக்கிட்டனான். இவர்தான் விடேல்லை. துலைஞ்சதெண்டு எழுதினா பாஸ்போட்டையே செல்லாமப் பண்ணிப்போடுவாங்கள், வீட்டுக்குள்ளதான் கிடக்கும், பொறும் எண்டவர்."

"அது சரியான பேச்சுத்தான்" என்றார் ஐறீன். "வந்த உறையைத் திறந்து பாத்தீங்களா?"

"என்னத்துக்கு மிஸ்? நாள் முடிஞ்சுதெண்டு இவர் கணக்குப் பாத்துச் சொல்லிப்போட்டார். புதுசா விண்ணப்பிச்சு எடுக்கிறதுக்குள்ள பிள்ளை பிறந்திடும். எனக்கு இனி ஆர் செய்ததெண்டு தெரிஞ்சாக் காணும். நான் சோறு போட்டுக் குடுக்கிற கையொண்டுதான் அதை எடுத்திருக்கு. அது எந்தக் கையெண்டு தெரியாமல் எப்பிடி அந்த வீட்டில இருந்து சமைக்கிறது?"

மூவருமாக வெள்ளவத்தைக்குப் புறப்பட்டு, வண்டி காலி வீதியில் ஊர்ந்துகொண்டிருந்தபோது, வீட்டில் யார் யார் என்று நபீஸ் சிவமணியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். கணவர் இராசரத்தினம், வயது அறுபத்தெட்டு. மருமகள் சிவானி, காப்புறுதி அலுவலகத்தில் வேலை, மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. அவளுடைய புருஷன், சிவமணியின் மகன் பிரியந்தன், டோகாவில். சிவமணியின் தங்கை மகன் மிதுஷனும் அங்கேயே தங்கிக் கணக்கியல் படிக்கிறான். அவன் மார்ச் இருபத்தெட்டில் யாழ்ப்பாணம் போனவன் இன்னும் வரவில்லை.

"அப்ப நேத்து கொண்டுவந்து வச்சது மிதுஷன் இல்ல" என்றார் நபீஸ். இதைத் தன்னைத் தவிர யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது என்பதுபோல் கண்ணாடியில் ஐறீனைப் பார்த்தார். ஐறீன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடற்பக்கத்து ஒழுங்கையில் இரண்டாம் மாடி வீடு. இராசரத்தினமே கதவைத் திறந்தார், தானே தேநீரும் போட்டுக் கொண்டுவந்தார். ஐறீன் சிவமணியுடன் சாமியறைக்குள் போக, நபீஸ் இராசரத்தினத்திடம் பேச்சுக் கொடுத்தார்.

"அய்யா வெளிநாடு போயிரிக்கிறீங்களா?"

"ஐரோப்பா இல்லைத் தம்பி. காலி வீதியில முப்பது வருசம் சாறிக் கடை வச்சிருந்தனான். வருசத்துக்கு நாலு தரம் சென்னை. ஒருக்கா ஒரு மாச விசா எடுத்துப்போட்டுக் காய்ச்சலில படுத்திட்டன். எழும்பிப் போனா ஒன்பது நாள்தான் மிச்சம். இந்தியாக்காரன் விசா குத்தின நாளில இருந்து எண்ணத் தொடங்கிடுவான். தீபாவளிக்குப் பாதிச் சரக்கோட வந்து சேர்ந்தன்."

நபீஸ் அனுதாபமாகத் தலையாட்டினார். மனம் மருமகளிடம் போய்விட்டது. மாமியார் பாரிசுக்குப் போனால் குழந்தையை யார் பார்ப்பது? சிவானி அலுவலகத்துக்கு விடுமுறை போட்டு வீட்டில் நின்றாள். நபீஸ் குரலைத் தாழ்த்தி, பொலிஸ்காரர் பாணியில் கேட்டார்.

"மாமி போனா உங்களுக்குத்தானே கஷ்டம்?"

"ஓம், கஷ்டம்தான். ஒரு மாச லீவுக்கு எழுதிக் குடுத்தனான், மனேஜர் முறைச்சவர்." அவள் குழந்தையின் தலையை வாரிக்கொண்டே சொன்னாள். "ரூபிகா மச்சாள் தனியக் கிடந்து கஷ்டப்படுறதை விட அது பெரிசே?"

"பாரிஸ் எப்படிப்பட்ட இடம், பாத்திரிக்கிறீங்களா?"

"ரண்டு வருசத்துக்கு முதல், அவரும் நானும் மச்சாளின்ர கலியாணத்துக்குப் போனனாங்கள். மாமா மாமிக்கு அப்ப விசா கிடைக்கேல்லை. பிறகு ரயிலில சுவிசுக்கும் போய் வந்தம். இடையில ஒருத்தரும் பாஸ்போட் கேக்கேல்லை. அத்தனை நாட்டுக்கும் ஒரே ஸ்டிக்கர்தானே. நிக்கிறதுக்குப் பதினஞ்சு நாள்தான் தந்தவங்கள். ஆனா ஸ்டிக்கரில தேதி ஒரு மாசத்துக்கு இருந்தது. முதலில எங்களுக்கும் விளங்கேல்லை."

நபீஸ் விறுவிறுவென்று சாமியறை வாசலுக்குப் போனார். "மிஸ், மருமகள்தான். லீவு, மனேஜர், எல்லாம் அவ வாயாலேயே சொல்லிட்டா."

"அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு எண்டு சொல்லுவாங்க நபீஸ். நீங்க கதைச்சதெல்லாம் எனக்கும் இங்க கேட்டது. எல்லாரையும் ஹோலுக்கு வரச் சொல்லுங்க."

வீட்டார் மூவரும் வந்து உட்கார்ந்தார்கள். ஐறீன் ஒரு பித்தளைத் தட்டில் உறையை வைத்து நடுமேசையில் வைத்தார். ஒட்டிய ரேப்பின் மேல் குங்குமம் அப்படியே இருந்தது. சிவமணியின் விரல் ரேகைகூடத் தெரிந்தது.

"உங்க எல்லாரிட்டயும் ஒரே கேள்வி" என்றார் ஐறீன். "இந்த விசா எண்டைக்கு முடிஞ்சது? சிவானி, நீங்க சொல்லுங்க."

"எனக்குத் தெரியாது மிஸ். ஸ்டிக்கரைப் பாத்தால்தான் தெரியும்."

"அய்யா?"

"ஏப்ரல் எட்டு" என்றார் இராசரத்தினம் உடனேயே. "மார்ச் பத்தில இருந்து முப்பது நாள். முந்தநாளோட முடிஞ்சுது."

ஐறீன் தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எடுத்தவர் இந்த உறையைத் திறக்கவே இல்ல. குங்குமம் அதுக்குச் சாட்சி. அப்ப உள்ளுக்கு என்ன எழுதியிருக்கு எண்டு அவருக்குத் தெரியாது. சிவமணி வீட்டில வந்து சொன்ன வார்த்தை மட்டும்தான் தெரியும். பாஸ்போட்டை அழிக்கிற எண்ணமும் அவருக்கு இல்ல. அழிக்கிறதா இருந்தா, கடல் இந்தா கண்ணுக்கு முன்னால கிடக்கு. பயணம் மட்டும் நிக்கணும், பாஸ்போட் பத்திரமா இருக்கணும். அதனாலதான் பொலிசுக்கும் போக விடல்ல. விசா செத்திட்டுது, இனிக் குடுத்தாலும் போக ஏலாது எண்டு நம்பின அண்டைக்கு வச்ச இடத்திலயே கொண்டுவந்து வச்சார். அது ஒன்பதாம் தேதி. அப்ப, எட்டாம் தேதியோட விசா முடியுது எண்டு கணக்குப் போட்ட ஆள் ஆரு?"

நபீஸ் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார்.

"சிவானிக்கு அந்தக் கணக்கு வராது. அவ ஐரோப்பா விசாவோட போய் வந்தவ. சொன்ன நாளுக்கும் ஸ்டிக்கரில இருக்கிற தேதிக்கும் வித்தியாசம் இருக்கும் எண்டு அவவுக்குத் தெரியும். அவ எடுத்திருந்தா, திறந்து கடைசித் தேதியைப் பாக்காமத் திருப்பி வச்சிருக்கமாட்டா. போனாலும் போகாட்டியும் விசா தொடங்கின நாளில இருந்தே நாள் ஓடும் எண்டு பழகினவர் இந்த வீட்டில ஒராள்தான்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இராசரத்தினம் மறுக்கவில்லை. வேட்டித் தலைப்பைக் கையில் சுருட்டினார், விரித்தார், பிறகு மனைவியைப் பார்க்காமல் சொல்லத் தொடங்கினார்.

"என்ர அக்கா தொண்ணூற்றெட்டில மகளின்ர பிள்ளைப்பேறுக்கெண்டு பாரிஸ் போனவ. மூண்டு மாசத்தில வாறன் எண்டவ. அங்க போய் அகதி எண்டு பதிஞ்சிட்டா. அத்தான் இதே ஒழுங்கையில பதினொரு வருசம் தனியச் சமைச்சுச் சாப்பிட்டுச் செத்தவர். செத்தவீட்டுக்கும் அவ வரேல்லை. வந்தா திரும்ப உள்ளுக்கு விடமாட்டாங்கள். கொள்ளி வைக்க ஆளில்லாமல் நான்தான் வச்சனான். இவவும் போய் அங்கயே இருந்திடுவா எண்டு எனக்குப் பயம்."

"என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே?" என்றார் சிவமணி.

"கேட்டா வருவன் எண்டுதான் சொல்லியிருப்பீர். அக்காவும் அப்பிடித்தான் சொன்னவ."

சிவமணிக்குக் கோபம் வரும் என்று நபீஸ் எதிர்பார்த்தார். அவர் முகத்தில் வந்தது வெட்கம். முன்பின் தெரியாதவர்களுக்கு முன்னால், நாற்பது வருடம் கூட வாழ்ந்தவர் தன்னை நம்பவில்லை என்று தெரிந்துவிட்ட வெட்கம். சிவானி எழுந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனாள். நபீசுக்கும் எழுந்து போய்விடலாம் போலிருந்தது. மருமகளைச் சந்தேகித்ததை நினைத்து அவருக்குக் காது சுட்டது.

"இன்னும் முடியல்ல" என்றார் ஐறீன். "சிவமணி, உங்க கையாலயே அந்த உறையைத் திறங்க."

ரேப்பைக் கிழித்தபோது குங்குமம் தட்டில் உதிர்ந்தது. ஐறீன் கடவுச்சீட்டை வாங்கிப் பக்கத்தைப் புரட்டினார். ஸ்டிக்கர் முழுவதும் பிரெஞ்சு. அவர் இலக்கங்களில் மட்டும் விரலை வைத்துக் காட்டினார்.

"இது மார்ச் பத்து. இந்த இலக்கம் முப்பது. கவுண்டரில சொன்னது இது ரெண்டையும்தான். நடுவில இன்னொரு தேதி இருக்கு, பாருங்க. ஏப்ரல் இருபத்திமூணு. இந்த ரெண்டு தேதிக்கும் இடையில எந்த நாளும் உள்ளுக்குப் போகலாம். போய் இறங்கின நாளில இருந்துதான் முப்பதை எண்ணத் தொடங்குவாங்க. பயணம் பிந்தினாலும் எண்டு பதினஞ்சு நாள் கூடப் போட்டுத்தான் குடுக்கிறது. ஆனா முப்பது முடியாட்டியும் கடைசித் தேதிக்குள்ள அங்க இருந்து வெளிக்கிட்டுடணும். இண்டைக்குப் பத்து. விசா சாகல்ல."

சிவமணி கடவுச்சீட்டை வாங்கி அந்தத் தேதியைத் தானே ஒருமுறை வாசித்தார். பிறகு இரண்டாவது முறையும் வாசித்தார்.

"பதினாறாம் தேதிக்கு அங்க நிப்பன்" என்றார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை.

"நிக்கலாம். பயணக் காப்புறுதியைப் புதுத் தேதிக்கு மாத்துங்க, மருமகள் செய்து தருவா. ஒரு விஷயம், திரும்பி வாற ரிக்கற்றும் கையில இருக்கணும். அது இல்லாட்டி அங்க எல்லையில மறிச்சுக் கேள்வி கேப்பாங்க, திருப்பி அனுப்பினாலும் அனுப்புவாங்க."

சிவமணி எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டார். அன்று முதல் தடவையாகக் கணவரை நேரே பார்த்தார்.

"எழும்புங்கோ. ரிக்கற் கடைக்குப் போயிட்டு வாங்கோ. நாளைக்கு இடம் இருக்கோ கேளுங்கோ, இல்லாட்டி நாளையிண்டைக்கு."

இராசரத்தினம் எழுந்து வாசலுக்குப் போனார். செருப்புக்குள் காலை நுழைத்தவர் அங்கேயே நின்றார். கேட்கலாமா வேண்டாமா என்று அவர் தயங்கியதை நபீஸ் பார்த்தார்.

"வாறதுக்கும் சேர்த்தோ?"

"சேர்த்துத்தான். இருபத்திரண்டாம் தேதிக்குப் போடுங்கோ." சிவமணியின் குரலில் சூடும் இல்லை, குளிரும் இல்லை. "போன மாசம் போயிருந்தா உங்களுக்காகத் திரும்பி வந்திருப்பன். இப்ப சட்டம் கேக்குது, வாறன்."