இடுப்பளவு

கூடத்துத் தூணில் சாய்ந்து நின்றால் குல்ஷனின் இடுப்புக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு உள்ளங்கைதான் நுழையும். அன்றைக்கு முஷ்டி முழுசாக நுழைந்தது.

திரும்பி நின்று தடவிப் பார்த்தாள். பார்வைக்குச் சட்டென்று தெரியவில்லை, விரலுக்குத் தெரிந்தது. ஆள் இடுப்பு உயரத்தில், ஒரு முழ அகலத்துக்கு, தூணைச் சுற்றிலும் தேக்கு மரம் நாள்பட்ட உரலின் உள்பக்கம் மாதிரி வழவழவென்று தேய்ந்திருந்தது. மற்ற மூன்று தூண்களையும் போய்த் தடவினாள். நான்கிலும் அதே உயரம், அதே வழவழப்பு. தரையில் ஒரு சிட்டிகை மரத்தூள் இல்லை. விரலை நாக்கில் வைத்தாள், உப்புக் கரித்தது. பூந்தமல்லியிலிருந்து கடற்கரைக்கு மாட்டுவண்டி கட்டினால் பாதிப் பகல் போய்விடும். இந்தக் கூடத்தில் உப்புக்கு என்ன வேலை? வியர்வையாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பதில் சொல்ல வேறு யாரும் அந்த வீட்டில் இல்லை.

அது அவள் புருஷன் ஹாஜா மொய்தீன் கட்டிய வீடு. அவர் கப்பல் தச்சர். உடைத்த கப்பல் ஒன்றின் மரத்தை ஏலத்தில் எடுத்து வந்து, நான்கு தூணாக இழைத்து நிறுத்தினார். உலகச் சண்டை தொடங்கிய வருஷம், பேரைச் சொன்னாலே நாக்கு சுளுக்கிக்கொள்ளும் ஒரு குளிர்தேசத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. கரையிலிருந்து வெகுதூரம் தள்ளி, கடலுக்குள் மரத்தூண்களின் மேல் நிற்கும் ஒரு விளக்கு வீடு. கப்பலுக்கு வழிகாட்டும் விளக்கு மேலே. தூண்களைப் பார்த்துக்கொள்ள ஒரு தச்சர் அங்கேயே தங்க வேண்டும்.

ஒரு வருஷம் இருந்துவிட்டு லீவில் வந்தபோது அதைப் பற்றித்தான் ஓயாமல் பேசினார். குல்ஷனுக்கு ஐஸ் என்றால் சர்பத் கடையில் மரத்தூளுக்குள் புதைத்து வைத்திருக்கும் கட்டிதான்.

"வெயில் காலம் வந்தா பனி ஒடைஞ்சி, பாளம் பாளமா மெதந்துகினு வரும் குல்ஷன். ஒவ்வொண்ணும் நம்ம ஊடு தண்டி. மோதி ஒடைச்சிடும்னு நெனைப்பே. அதான் இல்ல. சும்மா ஒரசிகினு போவும். தண்ணி ஏறுனா மேல ஒரசும், எறங்குனா கீழ ஒரசும். தூணு அந்த எடத்துல மட்டும் எளைச்சிகினே வரும். மேலயும் கீழயும் கல்லு மாதிரி கீது, இடுப்பு மட்டும் இல்ல!"

"அப்ப இன்னா பண்ணுவீங்க மச்சான்?"

"தகரம் அடிப்பேன்."

"தகரம் தேஞ்சா?"

"வேற தகரம் அடிப்பேன்," என்று சிரித்தார்.

அவர் திரும்பிப் போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. துறைமுகத்து ஆபீஸ்காரர்கள் கைவிரித்துவிட்டார்கள்; சண்டையில் அந்தப் பக்கம் கப்பலே போகவில்லையாம், விளக்கு வீட்டில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று தெரியாதாம். ஊர் மட்டும் தெரிந்த மாதிரியே பேசியது. குல்ஷன் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் ராத்திரி சாப்பிட உட்கார்ந்தால் எதிரே காலியாக இருக்கும் பலகையைப் பார்த்துப் பாதிச் சோற்றில் எழுந்துவிடுவாள்.

தூண் தேய்ந்தது தெரிந்த மறுநாள் அவள் அண்ணன் அப்துல் முத்தலிப் வேலப்பன்சாவடியிலிருந்து வந்தார்.

"எத்தினி நாளைக்கு இப்டி ஒண்டியா கீறே, குல்சு? மௌத்தாப் போனவரு மௌத்தாப் போனவருதான். மொறையா இத்தா இரு. அப்பறம் எங்கூட வந்துடு."

புருஷன் இறந்தால் பெண்கள் வெளியே வராமல் இருந்து கழிக்கும் காலம் இத்தா. அதில் உட்கார்ந்துவிட்டால் அவர் இறந்துவிட்டார் என்று தானே கையெழுத்துப் போட்ட மாதிரி. "அவரு கீறாருண்ணே," என்றாள் குல்ஷன்.

அண்ணன் தூணைத் தட்டிப் பார்த்தார். "கரையான். ஊடு ஒரு நாள் உன் தலை மேல உக்காந்துக்கும். வெள்ளிக்கெழமை ஜும்மா முடிஞ்சி வண்டியோட வர்றேன், மூட்டை கட்டி வை."

அன்று மத்தியானம் அவள் அடுப்படியில் படுக்காமல் கூடத்திலேயே உட்கார்ந்தாள். கத்திரி வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. ஆவடிப் பட்டாளத்து லாரிகள் கூட எங்கேயோ நிழலில் ஒதுங்கிவிட்டன. தெருவில் காக்கை கரையவில்லை, நாய் குரைக்கவில்லை, கூரை ஓடுகள் சூட்டில் நெட்டி முறிக்கும் சத்தம் மட்டும் மேலே கேட்டுக்கொண்டிருந்தது. உச்சிப் பொழுதில் தனியாக இருக்கக் கூடாது என்று அடுத்த வீட்டுப் பூங்காவனம் அடிக்கடி சொல்வாள். குல்ஷனுக்கு எல்லாப் பொழுதும் தனிப் பொழுதுதான்.

முதலில் வாசனை வந்தது. ஊறிய மரமும் பாசியும் கலந்த வாசனை. பிறகு மேற்குச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, காய்ந்த ஆட்டுக்கல்லில் யாரோ மெல்லக் குழவியைச் சுற்றுவது போல ஒரு சத்தம். அது சுவரைத் தாண்டிக் கூடத்துக்குள் வந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. எழுந்து நின்றாள். நெஞ்சில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. இடுப்பில் மட்டும் ஜில்லென்றது. கையை அந்த உயரத்துக்கு நீட்டினாள். ஏதோ ஒன்று அவசரமே இல்லாமல் உள்ளங்கையை உரசிக்கொண்டு போனது. கையை இழுத்துப் பார்த்தாள். மேல்தோல் இல்லை.

ஓடிவிட வேண்டும் போலிருந்தது. ஆனால் அந்தப் பயத்துக்கு நடுவிலேயே அவளுக்கு ஒரு சந்தோஷம் பொங்கியது. அவர் சொன்ன பனிப்பாளம்தான் இது; அவர் எங்கேயோ நிற்கிறார். இந்தத் தூண்கள் நிற்கிற வரைக்கும் அவரும் நிற்பார். இரண்டு வருஷத்தில் அவரைப் பற்றி வந்த ஒரே சேதி இதுதான் என்று அழுதுகொண்டே கையைக் கழுவினாள்.

சாயங்காலம் பூங்காவனத்திடம் போய்ப் பழைய மண்ணெண்ணெய்த் தகரம் கேட்டாள். தகரத்தைக் கொண்டுவந்து கொடுத்த பூங்காவனம் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னாடி இது, ஊருக்கே கொப்பளம் போடுது, உன் ஊட்ல மட்டும் ஜில்லுனு கீது?"

"காத்து வருதுக்கா."

"எந்தக் காத்து? நீ முதல்ல அண்ணனோட போயிடு கண்ணு," என்றவள் உள்ளே வராமலே திரும்பிப் போனாள்.

தகரத்தை வெட்டி விரித்து நான்கு தூணிலும் சுற்றி, அவருடைய சுத்தியலால் ஆணி அடித்தாள் குல்ஷன். மறுநாள் உச்சியில் சத்தம் மாறியிருந்தது. தகரம் கிறீச்சிட்டது. காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பொழுது சாய்ந்ததும் பார்த்தால் தகரம் வெற்றிலை மாதிரி மெலிந்து கிழிந்து தொங்கியது. வேறு தகரம் அடித்தாள். அதுவும் போயிற்று. பிறகு தகரம் கிடைக்கவில்லை. கடைத்தெருவில் இருந்ததையெல்லாம் பட்டாளம் வாரிக்கொண்டு போயிருந்தது. சாக்கைச் சுற்றினாள். தன் கல்யாணப் புடவையைச் சுற்றினாள்.

வெள்ளிக்கிழமை. மேற்குத் தூண் மணிக்கட்டு அளவுக்கு இளைத்திருந்தது. ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்கள். மூட்டை கட்டவில்லை. கதவுக்குத் தாழ் போட்டுவிட்டு வந்து நின்றாள்.

வாசனை. குளிர். பிறகு அந்தச் சத்தம்.

இந்தத் தடவை ஒன்று போய் முடிவதற்குள் அடுத்தது வந்தது. நான்கு தூணும் முனகின. உத்தரத்திலிருந்து மண் உதிர்ந்தது.

மேற்குத் தூணில் மளுக்கென்றது.

ஓடிப்போய்க் கட்டிப் பிடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். கன்னத்தில் பட்டது மரம் இல்லை. ஈரக் கம்பளி.

அண்ணாந்து பார்த்தாள். தாடியில் உப்புப் பூத்திருந்தது. உதடு நீலம். கண் திறந்திருந்தது. அவரேதான். அதே அகலத் தோள். கைகளைக் கீழே இறக்கினாள். நெஞ்சு. விலா. அதற்குக் கீழே கோட்டு மடிந்து உள்ளே போயிற்று. இடுப்பு இருக்க வேண்டிய இடத்தில், அவளுடைய ஒரு கைப்பிடிக்குள் அடங்குகிற அளவுக்கு ஏதோ இருந்தது. வழவழவென்று.

"நின்னு நின்னு காலு கடுக்குது குல்ஷன்," என்றார். எந்த மாற்றமும் இல்லாத அதே குரல். "கொஞ்சம் உக்காந்துக்கட்டா?"

உட்கார்ந்தால் ஒடிந்துவிடுவார். அவளுக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும்; அதனால்தான் கேட்கிறார்.

"வேணாம் மச்சான். நில்லுங்க. நான் புடிச்சிகினு கீறேன்."

வாசலில் மாட்டுவண்டி வந்து நின்றது. அண்ணன் கதவைத் தட்டினார்.

"குல்சு! கதவைத் தொற!"

கையை எடுத்தால் போதும். அண்ணன் வீடு. பேச்சுக் குரல்கள். எதிரே உட்கார்ந்து சாப்பிட ஆட்கள்.

"போயேன்," என்றார் அவர், மெதுவாக.

அவள் போகவில்லை. அவருக்கும் மேற்குச் சுவருக்கும் நடுவில் புகுந்தாள். தன் இடுப்பை அவர் இடுப்புக்கு முன்னால் கொடுத்து, இரண்டு கையாலும் அவர் தோளைப் பற்றிக்கொண்டு நின்றாள்.

முதல் பாளம் அவள் புடவையைக் கிழித்துக்கொண்டு போனது. இரண்டாவது, தோலை. அண்ணன் கதவை இடித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது இன்னும் பெரியது. அவசரமில்லாமல் சுவரைத் தாண்டி வந்துகொண்டிருந்தது.