கெளுத்தி வேஷத்தில் ஒரு பிணம்

போன் அலறியது!

லொரெய்ன் கண்ணைத் திறக்காமலே எடுத்தாள். லீவு நாள். மதிய வெயில். உள்ளூர் பேஸ்பால் அணி வழக்கம்போல் தோற்றுக் கொண்டிருந்தது... பெஞ்சில் சாய்ந்து கொஞ்சம் தூங்கலாம் என்றுதான் ஸ்டேடியத்துக்கே வந்திருந்தாள்.

"டிடெக்டிவ் மேடம்! நான் பர்னெல், ஸ்டேடியம் செக்யூரிட்டி... நம்ம கெளுத்தி செத்துப் போச்சு!"

"மீன் செத்தாலெல்லாம் போலீஸ் வராது பர்னெல்."

"மீன் இல்ல மேடம்... நம்ம டீமுக்காக மைதானத்துல மீன் வேஷம் கட்டுற ட்வைட்! டிரெஸ்ஸிங் ரூம்ல!"

வாரம் முழுக்கப் பிணங்கள். இன்றைக்குமா..?

எழுந்து நடந்தாள்.

தரையில் ஆள் உயரக் கெளுத்தி மல்லாந்து கிடந்தது. துணி மீசை. பெரிய இளிப்பு. வாய்க்குள் ஒரு ஸ்ட்ரா. பக்கத்தில் கொட்டிக் கிடந்த எலுமிச்சை ஜூஸ்.

அதன் மேல் விழுந்து ஒருத்தி அலறினாள்.

"ட்வைட்... என்னை விட்டுட்டுப் போயிட்டியே!"

"அவரு சம்சாரம் மார்லா. இங்கதான் ஹாட் டாக் கடை," பர்னெல் கிசுகிசுத்தான். "பாவம்!"

லொரெய்ன் எத்தனையோ மனைவிகள் அழுது பார்த்தவள். இந்த அழுகையில் சத்தம் இருந்தது... ஈரம் இல்லை.

மணிக்கட்டைத் தொட்டாள். நாடி இல்லை.

"தலையை ஏன் கழட்டல?"

"பயமா இருந்துச்சு மேடம்..."

"வேணாம்!" மார்லா குறுக்கிட்டாள். "அவர் முகத்தை என்னால பார்க்க முடியாது!"

லொரெய்ன் மீன் தலையைத் திருகித் தூக்கினாள்.

நீலம் பாய்ந்த உதடுகள். இளம் முகம்.

ட்வைட் இல்லை!

மார்லா வீறிட்டாள். இந்த முறை நிஜமாக.

"கர்டிஸ்! ஐயோ... அந்த ஜூஸை நீ ஏன்டா குடிச்சே?"

வெளியே கூட்டம் கை தட்டியது.

"நம்ம டிக்கெட் கவுண்டர் கர்டிஸ்!" என்றான் பர்னெல்.

லொரெய்ன் அலுப்போடு கேட்டாள்.

"ஜூஸ்ல என்ன கலந்தே மார்லா?"

"விஷம்... இவனும் நானும் ஊரை விட்டே போயிடலாம்னு இருந்தோம். விஷம் வெச்சது இவனுக்குத் தெரியாது. உள்ள ட்வைட்னு நெனச்சுதான் ஸ்ட்ராவை நீட்டினேன்..."

கதவு திறந்தது. இடுப்பில் கை வைத்தபடி, கனத்த மனிதர் ஒருவர்.

ட்வைட்!

"என்ன கூட்டம்? முதுகு பிடிச்சுக்கிச்சு... இன்னிக்கு மட்டும் நீ வேஷம் கட்டுடான்னு கர்டிஸ்கிட்ட..."

தரையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். அவள் நிமிரவில்லை. கர்டிஸின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"மார்லா... அது எனக்காக வெச்ச ஜூஸா?"

மார்லா கர்டிஸின் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள்.

லொரெய்ன் பர்னெலிடம் விலங்கு வாங்கி மார்லாவுக்கு மாட்டினாள். ஜெயித்த மாதிரியே இல்லை. தூக்கம் மட்டும் போயிருந்தது.

"அப்போ... என்னைக் காப்பாத்தினது..?" ட்வைட்டின் குரல் உடைந்தது.

"உங்க முதுகுவலி சார்!" என்றாள் லொரெய்ன். "கட்டின பொண்டாட்டியை விட விசுவாசமா இருந்திருக்கு... தைலம் தேய்ச்சு விரட்டிடாதீங்க!"