ஒரு பெரியவர், ஒரு குழந்தை

மைசூர் விஜயநகரில் அன்று பகல் மூன்று மணிக்கு வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. ஆனாலும் வினிதாவின் காதில் தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டது. எழுந்து போய்க் குளியலறைக் குழாயைப் பார்த்தாள், சமையலறையில் பார்த்தாள், எல்லாம் மூடித்தான் இருந்தன. ஹெட்போனைக் கழற்றினால் சத்தம் நின்றது. மாட்டினால் மறுபடி வந்தது.

ஏரிப் படகுச் சவாரிக்குப் பதிவு செய்யும் வெப்சைட் ஒன்றைப் புதிதாக வடிவமைக்கிற வேலை அவளுடையது. முன்பின் தெரியாதவர்களை ஒவ்வொருவராக வீடியோ காலில் அழைத்து, புதுப் பக்கத்தைக் கொடுத்து, மனதில் தோன்றுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பதிவு செய்யச் சொல்வாள். அவர்கள் திணறினாலும் தப்பாக அழுத்தினாலும் இவள் வாயைத் திறக்கக் கூடாது. உதவினால் சோதனையே கெட்டுவிடும். எட்டு வருடமாக நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து, அது ரத்தத்தில் ஊறிவிட்டது.

இன்று ஆறாவது ஆள், கொள்ளேகால் பக்கத்துப் பஞ்சவர்ணம். லேப்டாப் திரையில் அவள் நிரப்பும் பக்கம் மட்டும் தெரிந்தது. உள்ளறையில் மகளுக்குக் காய்ச்சல். மாத்திரை கொடுத்துத் தூங்கவைத்துவிட்டுத்தான் வினிதா உட்கார்ந்திருந்தாள். கணவன் நஞ்சன்கூடு ஃபேக்டரியில் இருந்தான்.

"பெரியவங்க ஒண்ணு, கொழந்த ஒண்ணுன்னு போட்டுட்டனுங்க" என்றாள் பஞ்சவர்ணம். "கொழந்த பேரு கேக்குதுங்க. தாரணின்னு போடறேன்."

மகளின் பெயர்! ஊரில் எத்தனையோ தாரணிகள் இருப்பார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். எங்கிருந்தோ பாசி வாடை அடித்தது.

"வயசு ஆறு. ஒடம்புக்கு ஏதாச்சும் இருந்தாச் சொல்லோணுமாம். காய்ச்சல்னு போட்டுக்கறேன்."

வினிதா உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். இவளுக்கு யார் சொன்னது? வாயைத் திறந்து கேட்டிருக்க வேண்டாமா? பாழாய்ப்போன பழக்கம், கை தன்பாட்டுக்கு நோட்டில் குறிப்பு எழுதியது: தயக்கமில்லாமல் நிரப்புகிறார்.

"திரும்பி வர்ற நேரம் கேக்குதுங்க அம்மிணி. அத வெறுமனே உட்டுடலாமுங்களா?"

தண்ணீர்ச் சத்தம் அருகில் கேட்டது. வெகு அருகில்.

"செரி, நீங்க ஒண்ணுஞ் சொல்லலீங்க."

"வேண்டாம்! அழுத்தாதீங்க!"

கத்திவிட்டாள். எட்டு வருடத்தில் முதல் முறை.

"அழுத்தியாச்சுங்க."

உள்ளறைக்கு ஓடினாள். போர்வை. தலையணை. அதில் தலை அழுந்திய பள்ளம், இன்னும் சூடாக. குழந்தை இல்லை. "தாரணீ!" கட்டிலுக்கடியில் இல்லை. கதவுக்குப் பின்னால் இல்லை. வாசல் கதவு உள்தாழ் போட்டபடி.

ஐயோ, என் பிள்ளை!

திரும்பி ஓடிவந்து லேப்டாப்பைப் பிடித்தாள். பதிவுப் பக்கம் இல்லை. நடு ஏரி. பச்சைத் தண்ணீர். ஒரு படகு. அதன் பலகையில் தாரணி சுருண்டு படுத்திருந்தாள். ஊறி வெளுத்த கை ஒன்று அவள் முதுகை மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது.

பஞ்சவர்ணம் இன்னும் மனதில் தோன்றுவதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கொழந்த நல்லாத் தூங்குதுங்க. இப்பத் துடுப்பத் தண்ணியில உட்டுட்டேன். இப்ப அவளத் தூக்கறேன்."