ஆறரை மணி நகல்

காலை 8.40. சாந்தியாகோ நகரின் மின்துறை வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் ராயேனின் மேஜை இழுப்பறை காலியாகக் கிடந்தது. பொறியாளர் கையெழுத்திட்ட மூல அறிக்கையைக் காணோம். பதினொரு மணிக்குள் அது ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போகாவிட்டால் மனு தள்ளுபடி. வடக்குப் பாலைவனத்தில் அறுபது குடும்பங்கள் சேர்ந்து கட்டிய சூரிய மின்நிலையத்துக்கு மின்கட்டமைப்போடு இணைப்புக் கிடைக்காது.

மரிசேலாவுக்கு ஒரு கணம் உள்ளுக்குள் இனித்தது. பன்னிரண்டு வருடமாக அதே அலுவலகத்தில் இந்த மாதிரி வழக்குகளிலேயே உழன்றவள் அவள். வழக்கோ, சேர்ந்து எட்டு மாதமேயான ராயேனிடம் போயிருந்தது. இனித்ததற்கு வெட்கப்பட்டுத்தான் விசாரிக்கத் தொடங்கினாள்.

"கடைசியா எப்போ பார்த்தே?"

"நேத்து நாலு மணிக்கு. உள்ள வெச்சுட்டு வீட்டுக்குப் போயிட்டேன்."

"பூட்டினியா?"

"இல்ல..." ராயேன் இழுப்பறையை மறுபடி துழாவினாள்.

8.55. அடுத்த அறையில் அன்செல்மோ காபி உறிஞ்சிக்கொண்டிருந்தான். அவனும் இந்த வழக்கைத் தனக்குத் தரச் சொல்லிக் கேட்டு ஏமாந்த வழக்கறிஞன்தான். மரிசேலா விஷயத்தைச் சொன்னதும் சிரித்தான்.

"வீட்டுக்குப் போனாளாமா? நல்லா கதை விடுறா! ஏழு மணி வரைக்கும் நான் இங்கதான் இருந்தேன். ஆறரைக்கு அவ நகலெடுத்துட்டிருந்தா. மெஷின் சத்தம் காதைப் பொளந்துச்சு. எங்கயாவது தொலைச்சிருப்பா, நம்ம சின்ன ராணி!"

அந்தப் பட்டத்தை வைத்தவளே மரிசேலாதான். அவன் சொன்னதை நம்பிவிட ஆசையாக இருந்தது. ஆனால் கூடத்துச் சுவரில், மின்சாரத்தில் ஓடும் கடிகாரம் 8.05 காட்டியது. ஐம்பது நிமிடம் பின்னால்.

9.05. கீழே வாயிற்காவலர் எலியாசரிடம் போனாள்.

"நேத்து நான் அஞ்சுக்கே கிளம்பிட்டேன். அப்புறம் கரண்ட் போச்சா?"

"அதான் உங்களுக்குத் தெரியல மேடம். ஆறு மணிக்குப் போனது ஆறு அம்பதுக்குத்தான் வந்துச்சு. லிஃப்ட்ல ரெண்டு பேர் மாட்டிக்கிட்டு ஒரே கூப்பாடு!"

9.15. அன்செல்மோவின் அறைக்கதவைச் சாத்தினாள்.

"கரண்ட்டே இல்லாம மெஷின் எப்படிடா ஓடுச்சு? நேத்து ஆறுலேருந்து ஆறு அம்பது வரைக்கும் கட்டடமே செத்துக் கிடந்துச்சு. நீ இங்க இருந்திருந்தா அது தெரிஞ்சிருக்கும். அவ கிளம்பினதும் அறிக்கையை எடுத்துக்கிட்டு நீயும் கிளம்பிட்டே. பழியை அவ மேல போட அந்த ஆறரையை ஜோடிச்சே."

 அவன் பைக்குள்ளிருந்து அறிக்கை இருந்த உறையை எடுத்து மேஜையில் எறிந்தான்.

"அவ தோக்கணும்னு உனக்கும்தானே ஆசை?"

"ஆமா, ஆசைதான். அதுக்கு அந்த அறுபது வீட்டுக்காரங்க என்ன பண்ணாங்க?"

10.50. ஆணையத்தின் வாசலில் ராயேன் உறையை நீட்டினாள். "எனக்குப் பயமா இருக்கு. நீங்களே பேசிடுங்களேன்."

எட்டு மாதமாக ஏங்கியது கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது. மரிசேலா உறையை வாங்கி, மறுபடி ராயேன் கையிலேயே வைத்தாள்.

"உன் வழக்கு. நீயே பேசு," என்று சொல்லிவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

நண்பகலுக்குள் இணைப்புக்கு உத்தரவாயிற்று. ராயேன் நன்றாகவே பேசினாள், மரிசேலா பேசியிருக்கக்கூடியதைவிட நன்றாக. அதுதான் வலித்தது.