கூரைக்குள் பெய்த மழை

மாட்டுச் சந்தை கூடியிருந்த அந்தக் குளிர்கூரைக்குள் ஒரு மாடுகூட மூச்சிரைக்கவில்லை.

பூங்கோதை வரிசை வரிசையாக நடந்து பார்த்தாள். சித்திரை உச்சிவெயில், வெளியே நாற்பத்தெட்டு டிகிரி. முன்பெல்லாம் இந்த வெக்கையில் மாடுகள் வாயைப் பிளந்து, நாக்கைத் தொங்கவிட்டு, விலா அதிர அதிர மூச்சு வாங்கும். மாட்டுக்கு மனிதனைப் போல வியர்க்காது, வியர்ப்பது கொஞ்சம்தான். வயிற்றில் தீவனம் புளிக்கிற சூடு வேறு. அதில் பெரும்பங்கை மூச்சால்தான் வெளியே தள்ளியாக வேண்டும். தெம்பெல்லாம் மூச்சுக்கே போய்விட்டால் பால் எங்கிருந்து வரும்?

அதைத்தான் அவள் மாற்றியிருந்தாள். அவள் கண்டுபிடித்த ‘வியர்மரபு’ ஊசியைச் சினை மாட்டுக்குப் போட்டால், பிறக்கும் கன்றின் தோலெங்கும் வியர்வைச் சுரப்பிகள். கன்று ஈனும் கன்றுக்கும் அது தொடரும். சந்தைக்கு வந்திருந்த மாடுகள் குளித்துவிட்டு வந்ததுபோல் பளபளத்தன. வாளி வாளியாகத் தண்ணீர் குடித்தன, உப்புக்கட்டியை நக்கின, நிம்மதியாக அசைபோட்டன.

ஒன்றைத் தவிர.

அவள் கல்யாணத்துக்குச் சீராக வந்த காங்கயம் பசு மயிலை, ஊசியே காணாதது. அது வாய் திறந்து எச்சில் ஒழுக இரைத்துக்கொண்டிருந்தது.

“அன்னைக்கே இதுக்குப் பதிலா ஒரு புதுக் கன்னு வாங்குங்கன்னு சொன்னேன், கேட்டீங்களா மாமா? இப்பப் பாருங்க, எப்படி மூச்சு எளைக்குதுன்னு.”

அவள் கணவன், சந்தைக் குழுத் தலைவன் மகுடேசன், மயிலையின் கழுத்தைத் தடவினான். “உன்ற கூட வந்தது அம்மிணி. இத அனுப்பிப்போட்டு உன்னைய மட்டும் வெச்சுக்கிட்டா, சீர் கொறஞ்சுபோச்சுன்னு உங்கப்பன்கிட்ட நானல்லோ சண்டைக்குப் போவோணும்?”

சிரித்தபடி முகத்தைத் துடைத்தாள். துடைத்த கையும் நனைந்திருந்தது. “இன்னைக்கு என்னமோ புழுக்கமா இல்லீங்களா?”

“கூட்டமல்லோ. வெப்பமானியப் பாரு, முப்பத்தாறுதான் காட்டுது. வெளிய விட எவ்வளவோ தேவலை.” அவன் கையைக் குவித்து ஆட்களிடம் கத்தினான். “பக்கத் திறப்பையெல்லாம் சாத்துங்கடா! அனல் காத்து உள்ள வருது. சாக்கை நனைச்சுச் சுத்தியும் கட்டுங்க!”

சந்தையில் வெயில் ஏறினால் ஈரச் சாக்கு கட்டுவது அந்த ஊர் வழக்கம். உலர்ந்த காற்று ஈரத்தை உறிஞ்சும்போது சூட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும். பூங்கோதையும் தலையாட்டினாள். “தரையிலயும் தெளிக்கச் சொல்லுங்க மாமா.”

சற்று நேரத்தில் அவள் புறங்கையில் ஒரு துளி விழுந்தது. அப்புறம் நெற்றியில். அப்புறம் எல்லார் மேலும்.

“மழை! உள்ளுக்குள்ளயே மழை பெய்யுதுங்கோவ்!” மாட்டுத் தரகர் செங்கோடன் துண்டைச் சுழற்றி ஆடினார். ஜனம் கைதட்டி ஆரவாரித்தது.

பூங்கோதை மட்டும் அண்ணாந்து பார்த்தாள். குளிர்கூரை, வாங்கிய சூட்டை வானத்துக்கே திருப்பியனுப்பிவிட்டுத் தான் குளிர்ந்திருக்கும் விரிப்பு. அதன் அடிப்புறம் முழுக்க நீர் முத்து முத்தாகத் திரண்டு தொங்கியது.

இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது?

பார்வை கீழே இறங்கியது. பளபளக்கும் முதுகுகள், கண்ணுக்கெட்டிய மட்டும். குடித்த வாளித் தண்ணீரையெல்லாம் அவை காற்றில் ஏற்றிக்கொண்டிருந்தன. அவள் முழங்கையில் வியர்வை சொட்டியது. ஒரு துளிகூடக் காயவில்லை. காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. மனிதனைவிடச் சூடான மாட்டு உடம்பில் மட்டும் அது இன்னும் காய்ந்துகொண்டிருந்தது. மானி சூட்டை மட்டும்தான் காட்டும், ஈரத்தைக் காட்டாது.

மயிலை இரைத்தது ஊசி போடாததால் அல்ல. காற்றில் ஈரம் நிரம்பிவிட்டதை இந்தக் கூரைக்குள் அதனால் மட்டும்தான் சொல்ல முடிந்திருக்கிறது.

“மாமா! திறப்பைத் தொறக்கச் சொல்லுங்க! சாக்கைக் கிழிங்க!”

மகுடேசன் திரும்பினான். அவன் வாய் திறந்திருந்தது. அப்படியே மயிலையின் காலடியில் சரிந்தான்.

ஆடிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். அங்கே ஒரு பெண் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இங்கே ஒருவர் வாந்தியெடுத்தார்.

“தண்ணி ஊத்துங்க!” என்று யாரோ ஓடிவந்தார்.

“இங்க ஊத்தாதீங்க, காயாது! மாட்டையெல்லாம் வெளிய தொரத்துங்க. அதுக முதுகுல காயற தண்ணிதான் நம்மள வேக வெக்குது!”

“இந்த வெயில்லயா?” செங்கோடன் மூச்சு வாங்கினார். “அத்தனையும் செத்துப்போகுமுங்க!”

“சாகாது! வெளிய காத்து காஞ்சு கெடக்குது, அங்க அதுக வேர்வை இன்னும் நல்லாக் காயும். நாமதான் இங்க செத்துப்போவோம்!”

அவளே முதல் கயிற்றை அவிழ்த்து, மாட்டின் முதுகில் ஓங்கி அறைந்தாள். கை வழுக்கியது. சாக்குகள் கிழிந்தன. மாடுகள் அனல் வெளிச்சத்துக்குள் இறங்கி, வேலியோரம் சாவகாசமாக நின்று, தண்ணீர்த் தொட்டியைத் தேடின.

நாலு பேர் மகுடேசனைத் தூக்கி, வாசல் வேப்பமர நிழலில் கிடத்தினார்கள். வறண்ட காற்று வீசியது. பூங்கோதை அவன் சட்டையைக் கிழித்துவிட்டு, தண்ணீரைத் தெளித்துத் தெளித்து விசிறினாள். இப்போது தண்ணீர் காய்ந்தது. அவன் நாக்கு வெளியே தெரிய இரைத்துக்கொண்டிருந்தான். அவள் உள்ளங்கையை அவன் விலாவில் வைத்து மூச்சை எண்ணத் தொடங்கினாள், மாடுகளுக்கு எத்தனையோ வருடம் எண்ணியதுபோல.

எண்ணிக்கை மெல்ல இறங்கியது. அவன் கண் திறந்தான்.

“மயிலை...?”

“இருக்குது. பக்கத்துலதான் நிக்குது.” அவளுக்கு அழுகை பீறிட்டது. “பேசாதீங்க மாமா. மூச்சு மட்டும் உடுங்க.”

இடுப்பில் செருகியிருந்த கைபேசி அதிர்ந்தது. ஆற்றுக்கு அக்கரைக் குளிர்கூரையிலிருந்து ஒரு பண்ணைக்காரர். அந்தப் பக்கம் ஊர்களில் வீடுகளும் கொட்டில்களும் ஒரே கூரைக்குக் கீழே. அவர் குரல் விட்டு விட்டு வந்தது.

“அம்மிணி... இங்க ஒரே புழுக்கமா இருக்குதுங்க. சாக்கெல்லாம் நனைச்சுக் கட்டிப்போட்டோம்... அப்பவும் அடங்கல.”

“மாடு?” என்று கேட்டாள்.

“மாடெல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க,” என்றார் அவர். அப்புறம் வாய் திறந்து இரைக்கிற சத்தம் மட்டும் கேட்டது, ஒருவருடையது அல்ல, பலருடையது.